குழம்பு ஊற்றுவதற்கு முன்

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்தில் சோற்றுக்கு மேல் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் ஒரு 'நாசி கண்டார்' கடையில் சோறு போடுபவர் அவர். மெலிந்த உடம்பு, கண்ணாடியில் எப்போதும் குழம்பின் ஆவி. எந்தத் தட்டையும் விளிம்பைத் துடைக்காமல் கொடுக்கமாட்டார்.

சர்க்கரை இறங்காவிட்டால் அடுத்து ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் சாப்பாட்டைப் படமெடுத்தால் அளவு சொல்லும் ஏஐ செயலி ஒன்றைப் போனில் போட்டுப் பார்த்தேன். எனக்கோ சோறு மூழ்கக் குழம்பு வேண்டும். இங்கே அதை மலாயில் 'பஞ்சிர்', அதாவது வெள்ளம், என்போம். செயலி தினமும் என்னைப் பாராட்டியது.

ஒருநாள் அவர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா சொல்லுது?"

"சோறு கொஞ்சம்தானாம்ண்ணே."

"போட்டது நான் லா. ரெண்டு கரண்டி. குழம்புக்கு அடியில கெடக்குறது அதுக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் முதல் வெறும் சோற்றுடன் தட்டை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார். நான் படமெடுத்த பிறகே குழம்பை ஊற்றினார். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தால், "ஒரு நிமிஷம் லா" என்பார், திரும்பாமலே. செயலி இப்போது என்னைக் கண்டித்தது. இரண்டு கரண்டி ஒன்றானது. சர்க்கரையும் இறங்கியது.

போன வாரம் போனை ஆபீசில் மறந்துவிட்டேன். அவர் வழக்கம்போல் தட்டைச் சாய்த்துப் பிடித்தார்.

"போன் இல்லண்ணே. ஊத்துங்க."

அவர் ஊற்றவில்லை.

"அப்ப நீங்க பாருங்கக்கா."

பார்த்தேன். எனக்காக ஒரு தட்டை இவ்வளவு பொறுமையாக வீட்டில்கூட யாரும் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.