தென்பக்கச் சுற்று

பாம்பனிலிருந்து தீவுகளைச் சுற்றிக் காட்டும் கண்ணாடிப் படகில் அனிட்டாவுக்கு வேலை. அடியில் பதித்த கண்ணாடி வழியே பவளப்பாறையையும் மீனையும் காட்டி விளக்கம் சொல்ல வேண்டும். படகை ஓட்டுவது அவள் கொழுந்தன் சகாயவினோத். மற்றப் படகுகள் குருசடைத் தீவைப் பார்த்ததும் திரும்பிவிடும். இது மட்டும் தீவின் தென்பக்கமாக இன்னொரு சுற்று போய்வரும். காசில்லாமல் கூடுதல் சுற்று என்றால் நம் ஜனங்களைக் கேட்க வேண்டுமா? இந்தப் படகுக்குத்தான் கூட்டம்.

அந்தச் சுற்று ஜனங்களுக்காக அல்ல. மூன்று மாதத்துக்கு முன் அங்கேதான் அனிட்டாவின் கணவன் ஆன்டனி ராஜின் வள்ளம் கவிழ்ந்தது. வள்ளம் கரை வந்தது, அவன் வரவில்லை. மூன்றாம் நாள் மிதக்காத உடம்பு அப்புறம் கிடைக்காது என்று கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படிப் போனவனின் சட்டையையும் கைலியையும் பெட்டியில் வைத்து அடக்கம் செய்வார்கள். அதற்கு மனைவி சம்மதிக்க வேண்டும். அனிட்டா சம்மதிக்கவில்லை. அழவும் இல்லை. கல்நெஞ்சக்காரி என்றார்கள், ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அவளுக்கு உண்மையிலேயே ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், இந்த வேலையைக் கேட்டு வாங்கித் தினமும் படகேறினாள்.

அன்று காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. தூறல், காற்று வேறு. கண்ணாடிக்குக் கீழே வெறும் சேற்றுக் கலங்கல். முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து வந்த வெள்ளையம்மாள் குனிந்து குனிந்து பார்த்துச் சலித்துப் போனாள்.

"ஏம்மா, இம்புட்டுத் தூரம் வந்தும் ஒண்ணுமே தெரியலையே?"

"இங்கன பவளப்பாறை இருக்கும்மா, கிளிமீன் இருக்கும்..." வழக்கமான பாடத்தை அனிட்டா ஒப்பித்தாள்.

சகாயவினோத் கேட்காமலே தென்பக்கம் திருப்பினான். பழக்கத்தில் அவள் கண்ணாடியைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதிதான் அவளைத் திடுக்கிட வைத்தது. இத்தனை நாளும் தேடுவதாக அல்லவா நினைத்திருந்தாள்? கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்றுதான் பார்த்திருக்கிறாள்.

"வினோத், திருப்பு."

"இன்னும் பாதிச் சுத்து இருக்கு மதினி."

"போதும். இங்கன ஒண்ணும் இல்ல."

அவன் சுக்கானைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்தான்.

"அத்தைகிட்டச் சொல்லிரு. இந்த வாரமே அடக்கத்த வச்சிருவோம். அவுக சட்டைய நான் எடுத்துத் தாரேன்."

இன்ஜின் இரைச்சலில் இந்தப் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. சுற்று பாதியில் நின்றதற்கு ஜனங்கள் முணுமுணுத்தார்கள். வெள்ளையம்மாள் மட்டும் அனிட்டாவின் கண்ணீரைப் பார்த்துப் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அட, நான் சொன்னதுக்காகவா அழுகுற? வானம் மூடுனா நீ என்னம்மா செய்வ?"