சத்தம் குறைஞ்ச துவக்கு இருக்கோ?

துவக்குக் கடையில் வேலை செய்பவருடைய நாளில் பாதி, வந்தவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதிலேயே போய்விடும். புடவைக் கடையிலும் மளிகைக் கடையிலும் நின்று நின்று கால் வீங்கிப்போன என் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு ஆட்களை வாங்க வைப்பது பெரும்பாடு. எனக்கு வாங்க விடாமல் தடுப்பது பெரும்பாடு. ஒருவருக்கு வயது காணாது. இன்னொருவரிடம் பொலிஸ் அனுமதி இல்லை. மூன்றாவது ஆளுக்குத் தான் எதைச் சுடப்போகிறேன் என்பதே தெரியாது. கால் வீக்கம் மட்டும் நம் எல்லோருக்கும் பொது.

எங்கள் கடை லண்டன் ஓரத்தில், சட்டன் என்ற ஊருக்குக் கொஞ்சம் அப்பால் இருக்கிறது. முதலாளி கிரஹாம் என்ற வெள்ளைக்காரர். கடைக்குப் பின்னால் நீளமாக ஒரு கட்டடம். அதில் அவர் ஒரு சுடும் கிளப் நடத்துகிறார். சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகள் வந்து, அட்டையில் அச்சடித்த வட்டங்களைச் சுட்டுப் பழகுவார்கள். நான் சுவிஸிலிருந்து லண்டனுக்கு வந்தவள். அங்கே ஒரு சுடும் கழகத்தின் கன்ரீனில் சூப் ஊற்றும் வேலைக்குப் போய், பார்த்துப் பார்த்து நானும் சுடப் பழகி, இந்தத் தொழிலுக்குள் விழுந்தேன். இன்னும் எழும்பவில்லை.

என்ன வேலை?

மோர்டனில் ஒரு கலியாண வீடு. பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா என் ஊர், என் பிள்ளைகள், என் புருஷனின் கொலஸ்ட்ரோல் எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, கடைசியாக வேலைக்கு வந்தார். கடையில் நிற்கிறேன் என்றேன். என்ன கடை என்று விடாமல் கேட்டார். துவக்குக் கடை என்றேன்.

அம்மாவின் கையில் வடை அப்படியே நின்றுவிட்டது. இது விளையாட்டுக்குச் சுடுவது, ஒலிம்பிக்கில்கூட இருக்கிறது, பொலிஸார் வந்து வருசா வருசம் சரி பார்க்கிறார்கள் என்றெல்லாம் விளங்கப்படுத்தினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஊரில் போரைப் பார்த்த எங்கள் சனத்துக்குத் துவக்கு என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான் பழக்கம். அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதிரையை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"பிள்ளை, இதுக்கோ நாங்கள் அங்கேயிருந்து இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்?"

ஐயா இல்லையோ?

சிவம் அண்ணை முதன்முதலாகக் கடைக்குள் வந்தபோது என் தலைக்கு மேலால் உள்ளே எட்டிப் பார்த்தார். "ஐயா இல்லையோ?" என்றார். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஐயா இருந்தாக வேண்டும். நான்தான் ஐயா என்றேன். கொஞ்சம் சிரித்து, தொப்பியைக் கழற்றி, குரலைத் தணித்துக்கொண்டு, "தங்கச்சி, சத்தம் குறைஞ்ச துவக்கு இருக்கோ?" என்றார். சத்தம் குறைந்த துவக்கை இரகசியமாகக் கேட்கிற ஆளைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுமோ அதுதான் எனக்கும் தோன்றியது.

பிறகுதான் கதை வந்தது. மகளின் பிள்ளைகள் இரண்டு பேர். ஓவியாவுக்குப் பன்னிரண்டு வயது, நிலனுக்கு ஒன்பது. சாரணர் முகாமில் காற்றுத் துவக்கால் சுட்டுப் பார்த்துவிட்டு, இப்போது அதே பைத்தியமாம். இத்தனை நாளும் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவது சிவம் அண்ணைதான். போகும் வழியில் தின்ன பெற்றிஸ், வரும் வழியில் கதை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டார்கள். பெற்றிஸும் கதையும் அதோடு போயிற்று. இப்போது அயல்வீட்டு வெள்ளைக்காரர் தன் மகனோடு சேர்த்து இவர்களையும் சுடப் பழக்கக் கூட்டிப்போகிறேன் என்று நிற்கிறாராம். சிவம் அண்ணை தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"சனிக்கிழமையும் போச்சுதெண்டால், தங்கச்சி, நான் அந்தப் பிள்ளையளுக்கு ஃபோன்ல இருக்கிற ஒரு படந்தான்."

வளருற பிள்ளை

அடுத்த வாரம் பேரப்பிள்ளைகளோடு வந்தார். ஓவியா சுவரில் இருந்த எல்லாவற்றையும் வாயால் வாசித்தாள். நிலன் கையால் வாசிக்கப் பார்த்து இரண்டு தரம் என்னிடம் பேச்சு வாங்கினான். காற்றுத் துவக்கிலிருந்து தொடங்குங்கள், அதற்கு அனுமதிப் பத்திரம் தேவையில்லை, ஈயக் குண்டு மலிவு, சத்தமும் பெரிதாக இல்லை என்றேன். சிவம் அண்ணைக்குச் சந்தோசம். உடனே போய், இருந்ததற்குள் நீளமானதும் பாரமானதுமான ஒன்றில் கை வைத்தார். ஆள் முழுக்க வளர்ந்த விவசாயிமார் எலி சுட வாங்குவது அது.

நிலன் அதைத் தூக்கிப் பிடித்தான். தோளில் வைத்தால் கண் எட்டவில்லை, கண்ணை வைத்தால் விசைக்கு விரல் எட்டவில்லை. துவக்கு என்பது சப்பாத்து மாதிரி, இன்றைய அளவுக்குத்தான் வாங்க வேண்டும் என்றேன். "வளருற பிள்ளைதானே, தங்கச்சி. ரெண்டு வருசம் பொறுத்தால் அளவா வந்திடும்" என்றார் அண்ணை. லண்டனில் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் இந்த ஒரு வசனத்துக்குள்தான் வளர்கிறார்கள். நான் உள்ளே போய், பிடிக்கு மரத்துண்டு சேர்த்தும் கழற்றியும் அளவு மாற்றக்கூடிய சின்னத் துவக்கு ஒன்றை எடுத்து வந்தேன். பிள்ளை வளர, இதுவும் வளரும் என்றேன். அண்ணையின் முகம் மலர்ந்தது. ஓவியா மட்டும் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்:

"ஆன்ரி, இயர் த்ரீல அம்மப்பா வாங்கித் தந்த கோட்டுக்கே நான் இன்னும் வளர்ந்து முடியேல்லை."

கண்ணாடி தேடினவர்

சில மாதம் எல்லாம் நல்லபடி போயிற்று. காற்றுத் துவக்கின் சத்தம் ஸ்டேப்ளர் அடிக்கிற அளவுதான். சிவம் அண்ணை கிளப்பின் வாங்குப் பலகையில் கால் மேல் கால் போட்டு இருந்து, பேரப்பிள்ளைகளின் அட்டைகளைப் பத்திரிகை வாசிப்பதுபோல் விரித்து வாசித்தார். ஓவியா நன்றாகச் சுட்டாள். அவளைப் பொயின்ற் டூ டூவுக்கு ஏற்றலாம் என்று கிரஹாம் சொன்னார். அது வெடிமருந்து உள்ள ரவை போட்டுச் சுடுகிற உண்மைத் துவக்கு.

மறுநாள் சிவம் அண்ணையின் மகள் கலா தனியாக வந்தாள். ஆஸ்பத்திரி உடுப்போடு, ஷிப்ட் முடித்த களைப்போடு நின்றாள். அப்பாவுக்கு வெடிச் சத்தம் ஏலாது என்றாள். நவம்பரில் பக்கத்துத் தெருவில் வாணவேடிக்கை நடந்தால் அவர் சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய்விடுவார். கேட்டால் கண்ணாடி விழுந்துவிட்டது, தேடினேன் என்பார். கண்ணாடி அவர் மூக்கிலேயே இருக்கும். வீட்டில் எல்லோரும் அதை நம்புவதுபோல் இருப்பார்கள். பிள்ளைகளுக்கு இது தெரியாது. அவர்களைத் திரைச்சீலை மூடிய முன்னறையில் டிவிச் சத்தத்தைக் கூட்டிவிட்டு இருத்திவிடுவாளாம். இப்போது ஓவியாவுக்கு முன்னால் அப்படி ஏதும் நடந்துவிட்டால் வெட்கத்தில் அவர் பிறகு பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கமாட்டார், வீட்டுப் பக்கமே வரமாட்டார் என்று அழுதாள். நீங்கள் போகாதீர்கள் என்று அவரிடம் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது; துவக்குக்குப் போடுகிற எண்ணெயின் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். போகும்போது கதவடியில் நின்று சொன்னாள்:

"அக்கா, துவக்கைப் பிள்ளைக்குப் பாத்து எடுக்காதேங்கோ. அப்பாவுக்குப் பாத்து எடுங்கோ."

ரவை

அதற்குப் பிறகு நான் அந்த மனிதருக்காகத் துவக்குப் பார்க்கத் தொடங்கினேன். குழல் நீளமானால் வெடிக்கிற வாய் காதிலிருந்து தள்ளிப்போகும், சத்தம் குறையும். ஆனால் பாரம் கூடும், பிள்ளைக்கு ஏலாது. ஒரு தாங்கியில் வைத்துச் சுட்டால் பாரம் பிரச்சினை இல்லை. கிளப்பில் இருந்த பழைய நீளத் துவக்கு ஒன்று அதற்குச் சரியாக இருந்தது. அடுத்தது ரவை. வேகமான ரவை காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது தனியாக ஒரு வெடி வெடிக்கும். மெதுவானது "டொப்" என்பதோடு சரி. வட்டம் பார்த்துச் சுட மெதுவானதே நல்லதும்கூட.

இதையெல்லாம் சொல்லிவைக்க சிவம் அண்ணையைக் கடைக்கு வரச் சொன்னேன். அவரோடு மருமகன் பிரபுவும் வந்தார். கலாவின் புருஷன்; கோயம்புத்தூர்க்காரர், சமையலில் கெட்டிக்காரர், துவக்கு விசயத்தில் ஒன்றும் தெரியாதவர். ஓவியாவுக்கு மெதுவான ரவைதான் நல்லது, வேகமான ரவை இப்போதைக்கு வேண்டாம், ரவையை நீங்கள் வாங்கவும் வேண்டாம், கிளப்பிலேயே அளவாகத் தருவார்கள், மிச்ச ரவையை வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். பிரபு மரியாதையாக எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மாமனாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டார்:

"தப்பா நினைச்சுக்காதீங்க மேடம், மெதுவான ரவைன்னா வறுத்ததா, வறுக்காததா?"

ஓவியாவின் முறை

சின்னப் பிள்ளை டூ டூ சுடுவதென்றால் கூட்டி வந்தவரும் உள்ளே நிற்க வேண்டும் என்பது கிரஹாமின் சட்டம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்ப்பது கணக்கில் வராது. அந்தச் சனிக்கிழமை சிவம் அண்ணைக்குக் காதுக்குள் அடைக்கும் பஞ்சும் கொடுத்தேன், அதற்கு மேலால் பெரிய காதுமூடியும் போட்டுவிட்டேன். இனி இடி விழுந்தாலும் கேளாது என்றேன். "என்ன?" என்று கத்தினார். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். நிலன் சுவரோரம் வாங்கில் இருந்தான். ஓவியா மற்றவர்களோடு வரிசையில் குப்புறப் படுத்து, தாங்கியில் துவக்கை வைத்து, மூச்சை அடக்கிச் சுட்டாள். கதவொன்றைச் சாத்துகிற சத்தம்தான். திரும்பிப் பார்த்தேன். சிவம் அண்ணை நின்ற இடத்தில் இல்லை. சீமெந்துத் தரையில் குப்புறக் கிடந்தார். காதை அடைக்கலாம், நெஞ்சில் வந்து தட்டுவதை அடைக்க முடியாது என்பதை நான் யோசிக்கவில்லை.

கிரஹாம் "ஸ்டொப்" என்று கத்த, எல்லோரும் துவக்கைக் கீழே வைத்தார்கள். பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தும் இந்த மனிதரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று என் மேலேயே கோபம் வந்தது. ஓவியா தலையைத் திருப்பினாள். வரிசையில் எல்லோரும் குப்புறக் கிடக்க, அம்மப்பாவும் கிடந்தார். எல்லோருக்கும் கீழே பாய் இருந்தது, அவருக்கு இல்லை. அவளுக்கு அது மட்டும்தான் கண்ணில் பட்டது. எழுந்துபோய்ச் சுவரோரம் சுருட்டி வைத்திருந்த சுடும் பாய் ஒன்றை இழுத்து வந்து விரித்தாள். அவரது காதுமூடியை ஒரு பக்கம் தூக்கிச் சொன்னாள்: "அம்மப்பா, தரை ஃப்ரீஸிங். இதில படுங்கோ." அவர் அதன்மேல் ஊர்ந்து ஏறினார். நிலன் ஓடி வந்து மற்றப் பக்கத்தில் தானும் படுத்துக்கொண்டான்.

கிரஹாமுக்கு எதையும் திருத்திப் பழக்கம். சிவம் அண்ணையைச் சுற்றி வந்து, முழங்கையைப் பார்த்தார், கால் அகட்டியிருந்ததைப் பார்த்தார், குனிந்து முதுகையும் பார்த்தார். திருத்த ஒன்றும் இல்லை. இவ்வளவு சரியாக முதல் நாளிலேயே படுத்த ஆளைத் தான் கண்டதில்லை என்றார், எங்கே பழகினார் என்று கேட்கச் சொன்னார். நான் மற்றக் காதையும் திறந்து கேட்டேன். பாயிலிருந்து கன்னத்தை எடுக்காமல் அண்ணை சொன்னார்:

"ஊரில பழகினது எண்டு சொல்லு, தங்கச்சி. அங்க ஒருத்தரும் பாய் தரேல்லை."

ஓவியா தன் இடத்துக்குப் போய் மிச்ச ரவையைச் சுட்டு முடித்தாள். அவர் எழும்பவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நேரத்துக்கு முன்பே வந்து கவுண்டரில் நின்றார், மற்றவர்களைப் போல் தனக்கும் சொந்தமாக ஒன்று வேண்டும் என்றார், அளவு பார்த்துக் கொடுத்தேன்.

துவக்குக் கடையில் இத்தனை காலம் நின்று ஆளுக்குப் பொருத்தம் பார்த்து நான் விற்ற சாமான்களுக்குள், கச்சிதமாகப் பொருந்தியது ஒரு பாய்தான்.