கூடிக்கொண்டே போன ஆயில்

அண்ணி எதையும் முதலில் மோந்துதான் பார்ப்பார். பால் பாக்கெட்டை வெட்டியதும் மூக்குக்குக் கொண்டுபோவார். அலமாரியிலிருந்து துண்டை எடுத்தாலும் அப்படித்தான். ஈரக் காலுறை, புதுச் சோப்பு, ஜன்னலைத் திறந்ததும் வருகிற காற்று என்று எல்லாமே அவர் மூக்கைக் கடந்துதான் வீட்டுக்குள் வர வேண்டும். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்து இருபத்தோரு வருடம் ஆகிறது. வந்த அன்றே என் பெட்டியைத் திறந்து, மேலே இருந்த துணியை எடுத்து மோந்து, "அந்துருண்டை போட்டு வச்சிருக்கா. பொறுப்பான பொண்ணுதான்" என்றார். இந்த வீட்டில் என்னைப் பற்றி முதலில் நல்ல வார்த்தை சொன்னவர் அவர்.

அண்ணி என் கணவரின் அக்கா. தம்பிக்கு அவரைக் கிண்டல் செய்யாவிட்டால் சாப்பாடு இறங்காது.

"எல்லாத்தையும் மோந்து பாத்தியே, மாப்பிள்ளைய மட்டும் ஏன்க்கா பாக்காம விட்ட?"

"அன்னைக்கு எனக்கு ஜலதோஷம்டா" என்பார் அண்ணி.

அந்த மாப்பிள்ளை லாரி வைத்திருந்தவன். தண்ணீர் உறைகிற எங்கள் மலையூரில், குளிர்காலத்தில் விடிவதற்கு முன் லாரியை எழுப்புவது அண்ணியின் வேலை. அவன் கம்பளிக்குள் கிடந்தபடி, "ஸ்டார்ட் ஆச்சா?" என்று மட்டும் கத்துவான். டீசல் வண்டியைப் பற்றி அண்ணி கற்றதெல்லாம் அந்த ஐந்து வருடத்தில்தான். சாவியைத் திருகியதும் இன்ஜினைச் சுழற்றுகிற செல்ஃபை அடிக்கக் கூடாது. இன்ஜினுக்குள் சூடேற்றுகிற ஹீட்டரின் விளக்கு அணையும்வரை பொறுக்க வேண்டும். அதற்குள் முன் விளக்கு, காற்றாடி, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். பனி விழத் தொடங்குவதற்கு முன்பே பழைய ஆயிலை இறக்கி, குளிரிலும் இளகி ஓடுகிற ஆயிலை ஊற்ற வேண்டும். அளவு பார்க்கிற குச்சியை உருவினால் கோட்டை மட்டும் பார்க்கக் கூடாது, மோந்தும் பார்க்க வேண்டும். ஐந்தாம் வருடம் அவன் இன்னொருத்தியோடு கிளம்பிப் போனான், லாரியையும் எடுத்துக்கொண்டு. அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. "லாரிதான் பாவம். ஆயில் மாத்தாமயே ஓட்டிக் கொன்னுடுவான்" என்று சொன்னதாக மாமியார் சொல்வார்.

அதற்குப் பிறகு ரொட்டி வேன், மருத்துவமனைத் துணி சலவைக்குப் போகிற வேன் என்று ஓட்டி, பத்து வருடத்துக்கு முன் டயாலிசிஸ் சென்டரின் வேனுக்கு வந்தார். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களை வீட்டிலிருந்து கூட்டி வந்து, மெஷினில் ரத்தம் சுத்தம் செய்த பிறகு திரும்பக் கொண்டுவிடுகிற வேன். மூன்று வருடம் கழித்து எனக்கும் அங்கே துப்புரவு வேலை வாங்கிக் கொடுத்தார். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. ஆனால் தரை துடைக்கிறவளை யாரும் பார்ப்பதில்லை, அதனால் அவளுக்கு எல்லாம் தெரியும்.

ஏழு குளிர்காலம் நான் பார்த்திருக்கிறேன். அண்ணி ஐந்து மணிக்கு வேனின் மூடியைத் திறப்பார். குச்சியை உருவி, துடைத்து, திரும்பச் செருகி, மறுபடி உருவி, விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு மூக்கருகே கொண்டுபோவார். பிறகு சாவி. உதட்டுக்குள் எதையோ எண்ணுவார். ஹீட்டர் விளக்கு அணைந்ததும் ஒரே திருகு. ஏழு வருடமும் அந்த வேன் ஒரு நாள்கூட அவரை ஏமாற்றியதில்லை.

முதலில் ஏறுகிறவர் டைலர். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, கிழிசல் தைத்து, ஜிப் மாற்றிக் கொடுக்கிற ஆள். வாரம் மூன்று நாள் வருவார். முன் சீட்டு அவருடையது.

"டிரைவரம்மா, உங்க வண்டி சத்தம் தெருமுனையில கேட்டாத்தான் இன்னும் ரெண்டு நாள் இருப்பேன்னு நம்பிக்கை வருது."

"ரெண்டு நாள் போதாதுண்ணே. என் கோட்டு ஜிப்பு உங்ககிட்ட கெடந்து ரெண்டு மாசமாச்சு. தச்சுக் குடுத்துட்டு எங்க வேணா போங்க."

"அதனாலதான் தைக்காம வச்சிருக்கேன்."

போன வருடம் மழை முடிகிற நேரத்தில் புது சூப்பர்வைசர் வந்தார். பேசும்போது எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்க மாட்டார், தன் பேனாவைப் பார்ப்பார். வந்த வாரமே ஒரு விதி போட்டார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இன்ஜினை அணைக்க வேண்டும். நோயாளி ஏறி உட்கார்ந்த பிறகுதான் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். வண்டி எங்கே போகிறது, நின்ற இடத்தில் இன்ஜின் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று காட்டுகிற ஒரு பெட்டியையும் வேனில் பொருத்தினார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அண்ணி அவருடைய மேஜைக்கு முன் நின்று சொன்னதை நான் மூலையில் துடைப்பத்தோடு கேட்டேன்.

"சார், ஒவ்வொரு வீடும் ஒரு கிலோமீட்டர், ரெண்டு கிலோமீட்டர். ஒரு டிரிப்புக்கு எட்டு தடவ செல்ஃப் அடிக்கணும். அவ்வளவு கொஞ்சமா ஓடினா பேட்டரியில போன சார்ஜ் திரும்ப ஏறாது. இன்ஜினும் சூடாகாது. குளிர் நாள்ல இது ஆகாது சார்."

"நீங்க டிரைவரா, இன்ஜினியரா?"

"டிரைவர்தான் சார். வாரத்துல ஒரு நாள் அரை மணி நேரம் பெரிய ரோட்டுல ஓட்ட விடுங்க. அது போதும்."

"சும்மா ஊர் சுத்தறதுக்கு டீசல் இல்ல."

அண்ணி ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் வேனை எடுத்துப்போய்ப் பெரிய ரோட்டில் ஓட்டினார். பெட்டி காட்டிக் கொடுத்தது. மறுநாள் மெமோ வந்தது. அடுத்த தடவை சாவியே கிடைக்காது என்று எழுதியிருந்தது.

பனி தொடங்கியது. மாதா மாதம் வண்டியைச் சோதித்து எழுதுகிற தாள் ஒன்று உண்டு. சூப்பர்வைசர் வரும்வரை அதை எழுதியது அண்ணிதான். இப்போது சூப்பர்வைசர் தானே எழுதினார். குச்சியை இரண்டு விரலால், பல்லியைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் பார்ப்பார்.

"பாருங்க. ஆயில் மேல்கோட்டுக்கும் மேல நிக்குது. குறையவே இல்ல, கூடியிருக்கு. இத மாத்தணும்னு சொல்றீங்க!"

"அது ஆயில் இல்ல சார். மோந்து பாருங்க."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

தாளில் 'ஆயில்: போதுமான அளவுக்கு மேல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமும் கூடியிருந்தது. அதற்கடுத்த மாதம் இன்னும் கூடியது. 'மிக நன்று' என்று எழுதினார். பட்டறைக்கு அனுப்ப அவர் சீட்டு வேண்டும். அண்ணி நான்கு முறை கேட்டார், நான்கு முறையும் இல்லை என்று வந்தது. வீட்டுக்கு வந்து அண்ணி சாப்பாட்டுத் தட்டையே மோந்து பார்க்காமல் சாப்பிட்டார். எனக்கு அது பயமாக இருந்தது.

தை மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. மெஷின் இல்லாத இரண்டு நாளுக்குப் பிறகு வருகிற திங்கள்தான் நோயாளிகளுக்கு மோசமான நாள். உடம்பில் அவ்வளவு நீர் தேங்கியிருக்கும். அன்று வாளித் தண்ணீர் அடிவரை உறைந்து கிடந்தது. அண்ணி சாவியைத் திருகினார். எண்ணினார். விளக்கு அணைந்தது. செல்ஃப் ஒரு தடவை முனகியது. இரண்டாம் தடவை பாதி முனகல். மூன்றாம் தடவை டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

சூப்பர்வைசருக்கு போன் செய்தார். மெக்கானிக் பத்து மணிக்கு வருவார், காத்திருங்கள் என்றார். அந்தப் பனியில் ஒரு வாடகை வண்டியும் ஓடவில்லை. டைலர் வாசலில் கோட்டு, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். உள்ளே போனால் வண்டி சத்தம் கேட்காதே என்று நின்றாராம். அவருடைய மெஷின் நேரம் போய்விட்டது. மறுநாள் மதியம்தான் அடுத்த இடம். மறுநாள் காலையிலேயே மூச்சு முட்டி ஆம்புலன்சில் போனார். நான்கு நாள் தொண்டையில் குழாயோடு கிடந்தார்.

புதன்கிழமை சூப்பர்வைசர் ஒரு தாளைத் தயாராக வைத்திருந்தார். உள்விளக்கை அணைக்க மறந்து போனதால் பேட்டரி இறங்கியது, இது என் கவனக்குறைவு என்று அண்ணி ஒப்புக்கொள்கிற தாள். கையெழுத்துப் போட்டால் அத்தோடு நோயாளி வண்டி ஓட்டுகிற உரிமை போகும்.

அன்று நான் ஒரே வராந்தாவை மூன்று தடவை துடைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் கைதான் வேகமாகும்.

"நான் விளக்க அணைச்சேன்" என்றார் அண்ணி என்னிடம், துணி மாற்றுகிற அறையில். "அணைச்சேன்ல? எனக்கே இப்ப சந்தேகமா இருக்குடி. அந்த மனுஷன் குழாயோட கெடக்கறத பாத்துட்டு வந்தேன். என்னாலதானோன்னு இருக்கு."

இருபத்தோரு வருடத்தில் அவர் எதையும் சந்தேகமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவரை அப்படிச் சொல்ல வைத்தவன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சென்டரின் பொறுப்பாளரான டாக்டரம்மா அறையில் விசாரணை நடந்தது. நான் தேநீர்க் கோப்பைகளை எடுக்கப் போயிருந்தேன். சூப்பர்வைசர் தானாகவே அந்த மாதாந்தரச் சோதனைத் தாள்களைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார்.

"பாருங்க மேடம். பராமரிப்புல ஒரு குறையும் இல்ல. நானே பாத்து எழுதியிருக்கேன். ஆயில் எப்பவும் தேவைக்கு மேலதான். மூணு மாசமா கூடிக்கிட்டுத்தான் இருக்கு. வண்டி நல்லாத்தான் இருந்துச்சு, கோளாறு டிரைவர்கிட்ட."

டாக்டரம்மா தலையாட்டினார். அண்ணி தன் முன்னால் வைத்திருந்த ஒப்புதல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா அவர் கையருகே இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு படித்தவர்கள் அறையில் யாருமே கேட்கவில்லை.

"யாரும் ஊத்தாம ஆயில் எப்படிங்க கூடும்?"

சொன்னது நான்தான் என்று எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"நீ போம்மா" என்றார் சூப்பர்வைசர்.

"இருங்க" என்றார் டாக்டரம்மா. "அவங்க கேட்டது சரிதானே? எப்படிக் கூடும்?"

சூப்பர்வைசர் பேனாவைப் பார்த்தார். அண்ணி எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் குச்சி இருந்தது, நுனியில் கருப்பாகச் சொட்டிக்கொண்டு. நான் காலையில்தான் துடைத்த தரை. சொட்டட்டும் என்று இருந்தது எனக்கு. டாக்டரம்மாவின் மூக்கருகே நீட்டினார்.

"டீசல் வாசனை" என்றார் டாக்டரம்மா.

"ஆமா டாக்டர். புகையை வடிகட்டற ஃபில்டர்ல கரி சேந்தா, அத எரிக்கறதுக்கு இன்ஜின் கூடுதலா டீசல் விடும். வண்டி சூடா ஓடினா அது எரிஞ்சு முடிஞ்சிரும். பாதியிலேயே அணைச்சு அணைச்சு எடுத்தா, எரியாத டீசல் வழிஞ்சு ஆயில்ல சேரும். அதுதான் கூடிச்சு. சார் மிக நன்றுன்னு எழுதினது அததான். மூணு மாசமா இன்ஜின் சூடாகலன்னு அவரே கையெழுத்துப் போட்டு வச்சிருக்காரு. சூடாகற அளவுக்குக்கூட ஓடாத வண்டியில பேட்டரிக்கு சார்ஜ் எங்கேருந்து வரும்? அதுல ஒரு டிரிப்புக்கு எட்டு செல்ஃப். இதுக்கு விளக்கு வேறயா வேணும்?"

அண்ணியின் குரல் உயரவில்லை.

டாக்டரம்மா பட்டறைக்கு போன் செய்து கேட்டார். மறுமுனையில் மெக்கானிக் சிரித்தது எனக்கே கேட்டது. "அவங்க சொன்னது அப்படியே சரி. அந்த வண்டிய இன்னும் நீங்க ஓட்டிட்டா இருக்கீங்க?" என்றார் அவர்.

கையெழுத்தில்லாத தாளை டாக்டரம்மா மடித்துத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார். அண்ணியிடம், "நீங்க போய் வேலையப் பாருங்க" என்றார். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. பிறகு வந்த அறிக்கையை நான் மேஜை துடைக்கும்போது எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'வாகனப் பராமரிப்பில் தகவல் பரிமாற்றக் குறைபாடு' என்று இருந்தது. அண்ணி நான்கு முறை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். அதற்கு மேல் எப்படிப் பரிமாறுவது?

"விடுடி, வேல இருக்குல்ல" என்றார் அண்ணி.

"விட மாட்டேன்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஏழு வருஷமா வாயத் தொறக்காதவ, தொறந்ததும் ஒரே திருகுல ஸ்டார்ட் ஆயிட்டியே."

இப்போது வேனில் புது ஆயில், புது பேட்டரி. முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை இன்ஜினை அணைப்பதில்லை. புதன்கிழமை மதியம் அரை மணி நேரம் பெரிய ரோட்டில் ஓடுகிறது. ஆனால் டீசல் கலந்த ஆயிலில் மூன்று மாதம் ஓடிய இன்ஜின் உள்ளே எங்கோ தட்டுகிறது. அந்தச் சத்தம் போகாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். டைலர் பிழைத்து வந்துவிட்டார், முன் சீட்டில்தான் உட்காருகிறார். கை நடுங்குவதால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. தையல் மெஷினை விற்றுவிட்டார். அண்ணியின் கோட்டுக்கு ஜிப் இன்னும் இல்லை, ஊக்கு குத்திக்கொண்டு போகிறார். சூப்பர்வைசர் அதே நாற்காலியில் இருக்கிறார். சோதனைத் தாளை மறுபடி அண்ணிதான் எழுதுகிறார். இன்று காலையும் ஐந்து மணிக்குக் குச்சியை மோந்து பார்த்தார். வண்டி ஸ்டார்ட் ஆனது.