நான் உட்கார வேண்டிய சீட்டு

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு மாமியார் தொல்லை கிடையாது, கார் தொல்லைதான். பஞ்சு மண்டியிலிருந்து வந்ததும் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கார் ஷெட்டுக்குள் நுழைந்துவிடுவார். நான் நாலு தரம் கூப்பிட்டால் ஒரு தரம் "ம்" என்பார். அது லேசாக இருமினால் போதும், ஓடிப்போய் பானெட்டில் காதை வைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சூலூர்க்காரர் ஒருவர் புதுக் கார் வாங்கி, அவிநாசி ரோட்டில் நின்ற இடத்திலிருந்து கிளம்பி அரை மைலில் யார் முந்துவது, பார்த்துவிடலாம் என்று இவரைச் சீண்டிவிட்டார். அப்புறம் ஷெட்டே வீடாகிவிட்டது. ஒரு நாள் கைக்கு ஆள் இல்லாமல் என்னைக் கூப்பிட்டார். ஸ்டீயரிங் நடுவில் ஒரு சின்னப் பிடி இருந்தது. அதை இறக்கினால் என்ஜினுக்குள் பொறி முன்னதாக விழும், ஏற்றினால் தாமதமாக விழும். நான் அதை நகர்த்த, அவர் கார்புரேட்டர் திருகைத் திருப்புவார். பெட்ரோல் கூடினால் கரும்புகை, குறைந்தால் தும்மல். பொறி அவசரப்பட்டாலோ சொம்புக்குள் கூழாங்கல்லை உருட்டுகிற மாதிரி சத்தம் வரும். அது அவருக்கு முன்னால் எனக்குக் கேட்டுவிடும்.

"ஏனுங்க, தட்டுதுங்க."

"காதுன்னா உன்ற காதுதான் அம்மணி! பந்தயத்தன்னிக்கு நீதான் பக்கத்துல உக்காரோணும். நான் கியர் போடப் போட, நீ பிடியக் கொஞ்சங்கொஞ்சமா எறக்கு."

அதோடு கார்மேல் இருந்த காய்ச்சல் எனக்குத் தணிந்துவிட்டது. மயில்கழுத்து நிறச் சேலை ஒன்றை எடுத்து வைத்தேன்.

பந்தயத்தன்று காலையில் அந்தியூரிலிருந்து இவருடைய அக்கா வீட்டுக்காரர் வந்து இறங்கினார். சாப்பிட்டுக் கை கழுவியவர், "மாப்ள, நானும் கார்ல வாரேன்" என்றார். அக்கா வீட்டுக்காரர் வாய்விட்டுக் கேட்டு இல்லை என்றால், நல்லது கெட்டதுக்குக்கூட இந்த வாசலை மிதிக்க மாட்டார்.

"அதுக்கென்னங்க மச்சான், முன்னால உக்காருங்க. இந்தப் பிடிய மட்டும் பாத்துக்குங்க" என்றார் இவர். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ரோட்டோரம் வில்வண்டியில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்த அண்ணன் என் சீட்டில் சாய்ந்துகொண்டதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கார்கள் கிளம்பியதும் மனிதர் எடுத்த எடுப்பில் பிடியைக் கடைசிவரை இறக்கிவிட்டார். தட்டுகிற சத்தம் எங்கள் வண்டிவரை கேட்டது. எங்கள் கார் திணறித் திணறி நகர, சூலூர்க் கார் கண்ணுக்கு மறைந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"கார்புரேட்டர்ல தூசி அடைச்சுப்போட்டுதுங்க" என்று எல்லாரிடமும் சொல்லி, இவர் மச்சானின் மானத்தைக் காப்பாற்றினார். சாயங்காலம் அந்த அண்ணன் ஊருக்குப் போனதும் ஷெட்டில் என்ஜினை ஓடவிட்டு, "அம்மணி, சித்த வந்து பிடியப் புடி" என்றார்.

"உங்க மச்சான் அதுக்குள்ள போயிட்டாருங்களா? அவரையே புடிக்கச் சொல்லியிருக்கலாமுங்க."

சமையலறைக்குப் போய்ப் பருப்பைக் கடைய ஆரம்பித்தேன். வெளியே என்ஜின் தும்மிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் போதவில்லை, திருகை அரைச் சுற்றுத் திறந்தால் சரியாகிவிடும். அவர் எதையெதையோ கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை.