ஆதாயம் பதினேழு, விரயம் பூஜ்யம்

ஆகஸ்ட் மாசம், அமெரிக்காவுல கேட்டிங்கற ஊரு. பாதி திறந்த கராஜ்ல இருந்து மசால் வடை வாசனை தெரு முனை வரைக்கும் வரும்...

வீட்டுக்குள்ள எண்ணெய் வச்சா வாரக்கணக்குல ஸ்மெல் போகாதுன்னு, உஷா கராஜ்லதான் ஸ்டவ் போடுவா. வெளியில நூறு டிகிரி வெயில், உள்ள கொதிக்கிற எண்ணெய். உஷாவோட புருஷன் முரளி, என் ஃப்ரெண்ட், ஹால்ல ஏசிக்கு நேரா உட்கார்ந்து டிவிய ஆன் பண்ணுவான். ப்ரீசீசன் முதல் மேட்ச்.

அமெரிக்கன் ஃபுட்பால் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. ப்ரீசீசன்னா கணக்குல வராத மேட்ச். சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சின்னப் பசங்கள ஆட விட்டுப் பாப்பாங்க. ஊர்ல வேற யாரும் அத மதிச்சுப் பாக்க மாட்டாங்க. நாங்க நாலு குடும்பம் கூடி உட்கார்ந்து பாப்போம். காரணம் மேட்ச் இல்ல, முரளியோட பஞ்சாங்கம்.

சித்திரை ஒண்ணாம் தேதி கோயில்ல பஞ்சாங்கம் படிப்பாங்க இல்லையா, ராஜா யாரு, மந்திரி யாரு, மழை எவ்ளோன்னு... அத அப்படியே எங்க டீமுக்குப் படிப்பான். ஜெர்சி மேல ஒரு துண்டு, மூக்கு நுனியில கண்ணாடி, கையில பீட்சா கடை நோட்டீஸ்.

"இந்த வருஷத்து ராஜா, கோச். பலன், பேச்சு ஜாஸ்தி, செயல் கம்மி. மந்திரி, பந்த வீசுற குவார்ட்டர்பேக். பலன், பந்து எதிரி கைக்கே போய்ச் சேரும். சேனாதிபதி, டிஃபென்ஸ். பலன், வர்றவனுக்கெல்லாம் வழிவிடும்."

கடைசில ஆதாயம், விரயம். ஆதாயம்னா ஜெயிக்கிறது, விரயம்னா தோக்கிறது. மொத்தம் பதினேழு மேட்ச். எங்களுக்கு எப்பவும் ஆதாயம் மூணு, விரயம் பதினாலுதான்.

டீம் நல்லா இருக்கிற வருஷமும் அப்படித்தான் படிப்பான். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு அவனுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. ஒரு வருஷம் எங்க கூட்டத்துல ஒருத்தன், பிரபு, வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காம "இந்தத் தடவை ப்ளேஆஃப் கன்ஃபர்ம்"னு சொல்லிட்டான். அன்னிக்கு மூணாவது குவார்ட்டர்லயே நல்லா ஆடிட்டிருந்த பையனுக்கு முழங்கால் போச்சு. அதுக்கப்புறம் பிரபு பேர் கொள்ளிக்கண்ணன். மேட்ச் முடியுற வரைக்கும் அவன் வடை சாப்பிட மட்டும்தான் வாய் திறக்கணும்.

அப்புறம் அந்த வருஷம் வந்துச்சு...

டீம்ல கோச்ச அனுப்பிட்டாங்க. பேர் தெரிஞ்ச ப்ளேயர்ஸ எல்லாம் வேற டீமுக்குக் கொடுத்துட்டு, காலேஜ் முடிச்ச பசங்கள எடுத்தாங்க, குவார்ட்டர்பேக்கும் அப்படி ஒரு சின்னப் பையன்தான். இதுக்குப் பேரு ரீபில்ட். இடிச்சுட்டுக் கட்டுறோம், பொறுமையா இருங்கன்னு அர்த்தம்.

அதே வருஷம் ஏப்ரல்லதான் முரளிக்கு வயித்துல கேன்சர்னு தெரிஞ்சுது. தெரியும்போதே பரவியாச்சு.

ஆகஸ்ட்ல கூப்பிடுவாங்களான்னு எங்களுக்குச் சந்தேகம். உஷாதான் ஃபோன் பண்ணினா. "எல்லாரும் வாங்க, அவரு கேக்கறாரு"ன்னா. கராஜ்ல எப்பவும் போல எண்ணெய் கொதிச்சுது. முரளி மேல ஜெர்சி தொளதொளன்னு தொங்குச்சு. வடைய கையில வாங்கிக்கிட்டான், சாப்பிடல. அவன் பொண்ணு நிலா, அப்ப ஹைஸ்கூல், அவன் கால் பக்கத்துல தரையில உட்கார்ந்திருந்தா.

துண்டப் போட்டுக்கிட்டான். இருக்கிறதுலயே மோசமான டீம், செம கலாய் இருக்கும்னு நாங்க காத்திட்டிருந்தோம்.

"ராஜா, புது கோச். பலன், சுபம். மந்திரி, அந்தச் சின்னப் பையன். பலன், சுபம். சேனாதிபதி, சுபம். ஆதாயம் பதினேழு, விரயம் பூஜ்யம்."

எல்லாரும் சிரிச்சோம். பிரபு, "டேய், கண்ணு பட்டுடும்டா"ன்னான்.

"படட்டும்டா. இவனுங்க தேற மூணு வருஷம் ஆகும்னு டிவில சொல்றான். அவ்ளோ நாள் நான் வெய்ட் பண்ண முடியாது. இந்த வருஷமே ஜெயிக்கட்டும்."

டிவில யாரோ எதுக்கோ கத்திட்டிருந்தாங்க. உஷா எழுந்து கராஜுக்குப் போயிட்டா. நிலா மட்டும்தான் பேசினா. "ஓகே அப்பா. செவன்டீன் அண்ட் ஓ."

முதல் மேட்சே தோத்தோம். அடுத்ததும். பெட்ல படுத்துக்கிட்டே முரளி அந்தக் குவார்ட்டர்பேக் பையன வண்டி வண்டியா திட்டுவான். திட்டறப்போ முகத்துல பழைய களை வரும். அதுக்காகவே ஞாயித்துக்கிழமை ஆனா நான் போய் உட்காருவேன். நவம்பர்ல, தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்னாடி போயிட்டான். அந்த வார மேட்ச் என்னாச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் நான் பாத்ததில்ல.

இப்போ அந்தச் சின்னப் பையன் ஃப்ரீவே ஓரம் பெரிய போர்டுல சிரிக்கிறான். இந்த ஆகஸ்ட்ல எந்தச் சேனல் போட்டாலும் எங்க டீம் புராணம்தான், கண்டிப்பா ப்ளேஆஃப்ங்கறாங்க. டிவில அன்னிக்கு சொன்ன மாதிரியே சரியா மூணாவது வருஷம் தேறிட்டாங்க. பிரபு நியூஜெர்சி போயிட்டான். எங்க வீட்ல ஏர் ஃப்ரையர் வாங்கியாச்சு, வடை வாசனை ஹால தாண்டறதில்ல. ப்ரீசீசன் மேட்ச நான் தனியா, சவுண்ட கம்மி பண்ணி வச்சுப் பாக்கறேன்.

நேத்து ஆஸ்டின்ல இருந்து நிலா மெசேஜ். காலேஜ் போயிட்டா. "அங்கிள், எவ்ரிபடி செஸ் வி ஆர் குட் திஸ் இயர். அப்பா வுட் ஹேட் இட். நத்திங் டு கம்ப்ளெய்ன் அபவுட்."

ஒரு சிரிப்பு பொம்மை போட்டு அனுப்பிட்டேன். ஃபோன கவுத்து வச்சுட்டு ரொம்ப நேரம் அழுதேன்.

உண்மைய சொல்றேன், எனக்கு இந்த நல்ல டீம் வேண்டாம். அந்த உருப்படாத டீமே திரும்பி வரட்டும். பதினேழு மேட்சும் தோக்கட்டும். அவன் படுத்துக்கிட்டே திட்டட்டும், நான் பக்கத்துல உட்கார்ந்து கேக்கறேன்.