பாய் வாங்க மறுத்த ரைபிள்

தர்மபுரியில் துப்பாக்கி பழுது பார்த்து, வாங்கி விற்கும் பாய் ஒருவர் இருந்தார். ஒட்டிய கன்னம், சிவந்த கண்கள். எந்த ரைபிளைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தோட்டா ஏற்றும் லீவரை இழுத்து, அதன் சத்தத்தைக் கேட்பார்.

வத்தல்மலைக் காட்டில் பன்றி பாய்ந்து என் அப்பா இறந்தார். தோட்டா சிக்கி, அவருடைய பழைய லீவர் ரைபிள் வெடிக்கவில்லை. அதை விற்க பாயிடம் கொண்டுபோனேன்.

லீவரை இழுத்தவர் பாதியில் நிறுத்தினார்.

"தோட்டா சிக்கும், காட்டுக்கு எடுத்துப் போவாதீங்கன்னு போன மாசமே உங்கப்பாகிட்ட சொன்னனுங்க. 'அடிமாட்டு வெலைக்கு வாங்கப் பாக்கறியா'ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு."

"இப்ப என்ன வெல போவும், பாய்?"

"அத்தனை பாகமும் அசல். நல்ல வெல போவும். ஆனா நான் வாங்க மாட்டனுங்க. வாங்குனா உங்கப்பா சொன்னது நெசமாயிரும்."

துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். அப்பாவின் மேல் அவருக்கு இருந்தது கோபமா துக்கமா என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.