டப்பாவுக்குள் தண்ணீர் போகுமா?

வண்ண மீன் கடையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும், ஒரு மீனை விற்க ஐந்து நிமிடம் போதும், அது செத்துப்போனதற்குப் பதில் சொல்ல அரை நாள் வேண்டும் என்பது. மருந்துக்கடையோ ஜவுளிக்கடையோ, கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற சக பாவிகளே, உங்களிடம் வருகிறவர்கள் வாங்கிய பொருளைத்தான் திருப்பிக் கொண்டுவருவார்கள். எங்களிடம் கேள்வியைக் கொண்டுவருவார்கள்.

நான் விலங்கியல் முதுகலை மாணவி. சனி, ஞாயிறுகளில் சின்னக் காஞ்சிபுரத்தில் மோசஸ் அண்ணன் கடையில் நிற்கிறேன். மீன், லவ் பேர்ட்ஸ், முயல் எல்லாம் உண்டு. சேர்ந்த அன்றே அண்ணன் சொன்னார், "என்னா வெல, என்னா தீனி, அத்த மட்டும் சொல்லு. மீதிய அவங்க வூட்ல பாத்துக்குவாங்க." சரி என்று தலையாட்டினேன். ஆனால் மனதுக்குள் ஒரு சபதம் இருந்தது: ஒரு மீனோ முயலோ செத்தால், எந்தக் குழந்தைக்கும் என் வாயால் பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சபதத்தை இரண்டு வருடமாக மீறவில்லை.

மாம்பழ உடல், அரக்கு வால்

ஒரு சனிக்கிழமை, பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவாளர் வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே இரண்டு பட்டு இழைகள். "உடம்பு இந்தக் கலரு, வாலு இந்தக் கலரு. காலையில பாத்தா மெதந்துக்கினு இருக்குது. பொண்ணு ஒரு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு வந்துடுவா." செத்த மீனைப் போட்டோ எடுத்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புடவைக்கு நூல் சேர்ப்பதுபோல மீனுக்கு நூல் சேர்த்து எடுத்துவந்தவர் இவர் ஒருவர்தான். தொட்டி தொட்டியாகக் கண்ணாடியில் இழையை வைத்துப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு மீன்களைத் தள்ளினார். "இது மாம்பழக் கலர் இல்லம்மா, எலுமிச்ச."

நான் சும்மா இருந்தேனா? குழந்தைக்கு உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்றேன். நாளைக்கு இதுவும் சாகும், அப்போது இன்னொரு நூலா என்றேன். அறுந்த இழையை முடிபோடுகிற பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசித் தொட்டியில் அந்த மீன் கிடைத்தது. பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடியே சொன்னார், "நீ சொல்றது ஞாயம்மா. அவளுக்கு அதத் தாங்கற வயசு வந்துடுச்சோ என்னவோ, எனக்கு இன்னும் வரல."

தாமல் ஏரிக்கரையில் ஒரு நாய்

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். கடைக் கதை இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆறு வயதில் எங்கள் வீட்டில் ராணி என்று ஒரு செவலை நாய் இருந்தது. ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தால் ராணி இல்லை. "தாமல்ல என் சிநேகிதன் வீட்டுக்கு அனுப்பிட்டேன். ஏரிக்கரை இருக்குது, நல்லா ஓடி ஆடும்" என்றார் அப்பா. அதன் பிறகு வேலூர்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம், தாமல் வந்ததும் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு ஏரிக்கரையையே பார்ப்பேன். ஒரு தடவை தூரத்தில் ஒரு செவலை நாய் தெரிந்தது. கையை ஆட்டினேன். அது திரும்பிப் பார்க்கவில்லை. நான் செய்த ஏதோ ஒரு தப்புக்காக ராணி என்னோடு பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அது என்ன தப்பு என்று நெடுநாள் யோசித்தேன்.

பதிமூன்று வயதில் ஒரு கல்யாண வீட்டில், சித்தி பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். ராணி லாரியில் அடிபட்டு அன்றைக்கே செத்துப்போயிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சண்டை போட்டேன். ஏழு வருஷம் என்னை முட்டாளாக்கினீர்கள் என்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீ அழுவியேன்னு சொன்னேன்மா. ஏழு வருஷம் அழாம இருந்தியா இல்லையா?"

மீனுக்குத் தீட்டு

சன்னதித் தெருவிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். நெற்றியில் பளிச்சென்று திருமண். மகளுக்கு ஏழு வயது. போன மாதம் எங்களிடம் வாங்கிய கறுப்பு மாலி மீன் செத்துப்போனதாம். அதற்குப் பதில் இன்னொன்று வேண்டும் என்பார் என்று வலையைக் கையில் எடுத்தேன். அவர் வலையைப் பார்க்கவே இல்லை. "ஏம்மா, நீ ஜுவாலஜிதானே? மீன் தவறிப்போனா தீட்டு இல்லைன்னு ஒரு காகிதத்துல எழுதித் தரமுடியுமா?" என்றார்.

விஷயம் இதுதான். பெரியப்பா காலமானபோது பத்து நாள் வீட்டில் யாரும் கோயிலுக்குப் போகவில்லை. அதைப் பார்த்திருந்த குழந்தை, மீன் செத்த அன்றிலிருந்து கோயில் வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறாள். அப்பாவையும் போகவிடுவதில்லை. நான் சிரித்துவிட்டேன். இதற்கு விலங்கியல் எதற்கு சார், சாஸ்திரத்தையே சொல்லலாமே என்றேன். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாஸ்திரத்துல மீனுக்கு அதெல்லாம் கிடையாதுன்னு சொல்லிப் பாத்தேன். ‘பெருமாளோட மொதல் அவதாரமே மீன்தானேப்பா’ங்கறா. நீதான் நன்னா வாதாடுவியாமே, இதுக்கு ஒரு பதில் சொல்லு பார்ப்போம்."

பட்டுப்பூச்சி

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன், அம்மாவோடு வந்தவன், என் முன்னால் ஒரு தீப்பெட்டியைத் திறந்தான். உள்ளே ஆறு பட்டுப்பூச்சிகள். மழை பெய்த மறுநாள் மண்ணில் ஊருமே, சிவப்பு வெல்வெட் போல, அவைதான். "இதுங்க எப்ப நூலு உடும்? எங்க தறிக்குச் செவப்பு நூலு பத்தலன்னு அப்பா சொன்னாரு. என்னா துன்னக் குடுக்கணும்?" என்றான். பட்டு என்றால் பட்டுப்பூச்சி, சிவப்புப் பட்டு என்றால் சிவப்புப் பட்டுப்பூச்சி. அவன் கணக்கில் தவறே இல்லை.

இது அந்தப் பூச்சி இல்லை என்பதோடு நான் நிறுத்தியிருக்கலாம். வகுப்பு எடுத்தேன். இது சிலந்தி இனத்துக்கு உறவு, இது நூல் விடாது, உங்கள் தறிக்கு வருவது வேறொரு புழுவின் கூடு, புழு உள்ளே உயிரோடு இருக்கும்போதே கூட்டோடு கொதிக்கிற தண்ணீரில் போட்டுத்தான் இழை எடுப்பார்கள் என்றேன். பையன் தீப்பெட்டியை மெதுவாக மூடினான். அடுத்த வாரம் அவன் அம்மா மட்டும் வந்தார். தாய்மாமன் கல்யாணத்தில் பட்டு வேட்டி கட்டமாட்டேன் என்று தரையில் உருண்டானாம். தறிப்பக்கம் போவதே இல்லையாம். நான் சொன்னது உண்மைதானே என்று ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்கவிடவில்லை. "உண்மையாவே இருக்கட்டும்மா. அந்தப் புழு செத்துதான் இவன் வயித்துக்குச் சோறு போவுது. அதையும் சேத்துச் சொல்லி அனுப்பியிருந்தா நீ படிச்ச பொண்ணு."

நாற்பது வருஷம்

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊர்க் கோயில் குளத்துக்குள், வெள்ளிப் பெட்டியில், அத்தி மரத்து வரதர் படுத்திருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து எல்லாருக்கும் தரிசனம் தந்துவிட்டு, மறுபடி தண்ணீருக்குள் போய்விடுவார். உங்களுக்கு இது அதிசயம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது வீட்டுக் காலண்டரில் இருக்கிற விஷயம்.

நிவேதாவுக்கு எட்டு வயது. அவளுடைய பச்சை லவ் பேர்டை, அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, நான்தான் கொடுத்து அனுப்பினேன். அதற்கு அவள் வைத்த பேரும் பச்சைதான். பிறகு ஒருநாள் அம்மாவோடு கடைக்கு வந்தாள். அவள் அம்மா வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தார். இவள் கல்லாவோரம் வந்து, எட்டிப் பார்த்து, ரகசியக் குரலில் கேட்டாள், "அக்கா, ஸ்டீல் டப்பாவுக்குள்ள தண்ணி போவுமா?"

எதற்கு என்றேன். பச்சை செத்துப்போச்சு என்றாள். அதைப் பட்டுத் துணியில் சுற்றி, தன் டிபன் டப்பாவில் வைத்து, தறி நூலை முறுக்கிக் கயிறாக்கிக் கட்டி, வீட்டு வாசலில் இருக்கிற தண்ணீர் சம்ப்பில் இறக்கியிருக்கிறாள். நான்கு நாளாயிற்று. "சாமி மாதிரி நாப்பது வருஷம் கழிச்சு வந்துடும். என்னைக் கைக்குழந்தையா தூக்கிக்கினு போய் அம்மா சாமியக் காட்டுனாங்களாம். பச்சை வரும்போது எனக்கு நாப்பத்தெட்டு வயசு. அப்போ அது என்னை அடையாளம் கண்டுக்குமாக்கா?"

குடும்பமே குளிக்கிற தண்ணீர். அம்மாவிடம் சொல்லித்தான் ஆகவேண்டும், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் நான் அவளிடம் சொன்னது வேறு. தாமல் ஏரிக்கரை கண்முன்னால் வந்தது. இந்தப் பெண் என்னைப்போல ஏழு வருஷம், ஏன், நாற்பது வருஷம் காத்திருக்கப்போகிறாள் என்று தோன்றியது. "வராதுமா. நாற்பது வருஷமானாலும் நானூறு வருஷமானாலும் வராது. செத்தது செத்ததுதான். இந்நேரம் அது டப்பாவுக்குள்ள அழுகிப்போயிருக்கும்" என்றேன். நிதானமாக, அறிவியல் ஆசிரியை போல. அவள் அழவில்லை. தொட்டியில் ஓடுகிற மீனைப் பார்த்தாள். அவள் அம்மா உள்ளே வந்தார், அவரிடமும் சொன்னேன். தறியை விட்டு இறங்கியதும் அவள் அப்பா டப்பாவை எடுத்துவிடுவார் என்றார்.

அப்பா தறியிலிருந்து இறங்கும்வரை நிவேதா காத்திருக்கவில்லை. நான் சொன்னது நிஜமா என்று பார்க்க, தானே கயிற்றை இழுத்து, தானே டப்பாவைத் திறந்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அம்மாவும் பெண்ணும் காலிக் கூண்டோடு வந்தார்கள். யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார் அம்மா. ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை, டிபன் டப்பா என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், பள்ளிக்கு இலையில் கட்டித்தான் கொடுத்து அனுப்புகிறேன் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது வாதாடியிருப்பேன். மோசஸ் அண்ணன் கூண்டை வாங்கிக்கொண்டு, என் பக்கம் பார்க்காமலே உள்ளே போனார்.

நிவேதா படி ஏறாமல் வெளியிலேயே நின்றாள். நான் இறங்கிப் போய் அவள் உயரத்துக்குக் குந்தினேன். பச்சை அழுகிப்போச்சுன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது, தப்புதான் என்றேன். மன்னிப்பு என்று வந்தால் என் வாக்கியம் எப்போதும் இவ்வளவு சின்னதாக இருக்காது. "அன்னிக்கு நான் சொன்னது நெஜம்தான், ஆனா" என்று இன்னும் ஏதோ ஆரம்பித்தேன். அவள் செருப்பு நுனியால் மண்ணைக் கீறியபடி யோசித்தாள்.

"நீங்க சொன்னது கரெக்ட்டுதான்க்கா. ஆனா நான் அதக் கேக்கவே இல்லையே. டப்பாவுக்குள்ள தண்ணி போவுமான்னுதான கேட்டேன்."

இரண்டு வருடம் எல்லாரோடும் வாதாடி இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: சாதா மூடி போட்ட ஸ்டீல் டப்பாவுக்குள் தண்ணீர் போகும், ரப்பர் வளையம் வைத்த மூடி என்றால் கொஞ்சம் மெதுவாகப் போகும்.